'இன்' என்றால் இல்லை

மாரியம்மாளின் வலது கை வெந்ததற்கு நான் சொன்ன தவறான பொருள்தான் காரணம். அந்தப் பழியை ஜெசிந்தாவின் தலையில் போட்டவனும் நான்தான். ஐந்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் நல்ல ஆசிரியன். பொய்யடக்கம் காட்ட இது இடமில்லை. கோவில்பட்டி பேருந்து நிலையத்தருகே ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் ஆங்கில வகுப்பு நடக்கிறது. விளாத்திகுளத்திலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். சொற்களை மனப்பாடம் செய்ய நான் விடுவதில்லை. லத்தீன் வேர்களைக் கொடுத்துவிடுவேன். 'போர்ட்' என்றால் சுமப்பது. இந்த ஒன்று தெரிந்தால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாம் தாமாகத் திறந்துகொள்ளும். "வேர் தெரிந்தவனுக்கு அகராதி எதற்கு?" என்று வகுப்பில் அடிக்கடி கேட்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை... இன்றும் உண்டு.

ஜெசிந்தா அப்போது ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தேழு. வங்கித் தேர்வுக்காக மாலையில் என்னிடம் படித்தாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் என்னை நிறுத்தி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

"சார், மெஷின்ல ஒட்டுத பசையத் துடைக்க புதுசா ஒரு கேன் வந்திருக்கு. மேல இந்த வார்த்த போட்டிருக்கு. என்னன்னு முதலாளி கேக்காவ. போன்ல பாத்துரட்டுமா?"

காகிதத்தில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை நான் அதுவரை கவனித்ததே இல்லை. ஆனால் என் முறை இருந்ததே!

"போன் எதுக்கு? 'இன்'னா இல்லை. இன்விசிபிள், கண்ணுக்குத் தெரியாது. இன்கரெக்ட், சரியில்லை. ஃபிளேம்னா தீ. அப்போ?"

"தீப்பிடிக்காது," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்வளவுதான்."

கீழே பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. காகிதத்தை மடித்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் முதலாளியிடம் அதையே சொல்லியிருக்கிறாள். அங்கே ஆங்கிலம் படித்தவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் நம்பினார்கள். இடமில்லாததால் பாகு காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் கேனை வைத்தார்கள். மூன்றாம் நாள் அது சரிந்து கொட்டியது. பாகு கிண்டிக்கொண்டிருந்த மாரியம்மாளின் கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தீப்பற்றியது.

செய்தி கேட்டதும் நான் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'இன்' இரண்டு. ஒன்று 'இல்லை'. மற்றொன்று 'உள்ளே'. இந்தச் சொல்லில் இருப்பது இரண்டாவது. எளிதில் தீப்பிடிக்கும் என்பதே பொருள். அகராதியை மூடி வைத்தேன்.

அன்று மாலையே ஜெசிந்தா வந்தாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க சொன்னதத்தான சார் நான் போய்ச் சொன்னேன்? முதலாளிகிட்ட ஒரு வார்த்த பேசுங்க சார். நீங்க சொன்னா அவிய நம்புவாவ."

அப்போது என் மனத்தில் என்ன ஓடியது தெரியுமா? மாரியம்மாள் இல்லை. மாடிப்படியில் வரிசையாகக் கிடந்த செருப்புகள். அவ்வளவு பேரும் நாளை வேறு வகுப்புக்குப் போய்விட்டால்?

"'இன்'னா உள்ளேன்னும் ஒரு அர்த்தம் உண்டுன்னு சொன்னேனே ஜெசிந்தா," என்றேன். குரல் சற்றும் தடுமாறவில்லை. "நீ பாதியக் கேட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்ட."

அவள் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. சற்று நேரம் யோசித்தாள்.

"ஆமா சார்... பஸ் கிளம்புதேன்னு ஓடினேன். நாந்தான் சரியா கேக்கல போல. மன்னிச்சிருங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. தேர்வும் எழுதவில்லை.

நான் வளர்ந்தேன். இரண்டு 'இன்'களையும் இப்போது முதல் நாளே கற்பிக்கிறேன். மாணவர்கள் அந்தப் பாடத்தைத்தான் அதிகம் பாராட்டுகிறார்கள். மாரியம்மாளைச் சந்தையில் இருமுறை பார்த்தேன். இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு என்னைத் தெரியாது. தெரியாது என்பதில் எனக்கு ஆறுதலும் இருந்தது... இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

சென்ற மாதம் ஜெசிந்தா மாடியேறி வந்தாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கூடவே அக்காள் மகள், கல்லூரி முடித்த பெண்.

"இவள உங்ககிட்டதான் சேக்கணும்னு வந்தேன் சார்," என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"ஏட்டி, சார் சொல்லுதத முழுசா கேளு. நான் பாதியக் கேட்டுட்டுப் போய்த்தான் ஒருத்தி கையச் சுட்டுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். ஐந்து ஆண்டுகளில் அதைவிட நல்ல தருணம் வாய்த்ததில்லை.

"உட்காரும்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

ஜெசிந்தா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் தினமும் வருகிறாள். முதல் வரிசையில் அமர்ந்து, நான் சொல்வதையெல்லாம் சந்தேகமே இல்லாமல் எழுதிக்கொள்கிறாள்.