மூன்று ஏக்கர் புதர்

பசுவந்தனைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் உண்டு. மழை ஏமாற்றியது போக மிஞ்சிய மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. சோலார் கம்பெனிக்கு விற்றுவிடலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். நிலத்தைச் சும்மா விடுங்கள், உடைமரமும் வேம்பும் தானாக முளைத்துக் காடாகட்டும், வருஷா வருஷம் பணம் தருகிறோம் என்றார்கள். உழக்கூடாது, வெட்டக்கூடாது, அவ்வளவுதான். நிலம் தப்பியது என்று எனக்கு நிம்மதி.

என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் புஞ்சையில் களை கிடந்தால் அந்த வீட்டு ஆம்பளையைத்தான் பேசுவார்கள். டீக்கடையில் யாராவது, "என்ன அண்ணாச்சி, புஞ்சை புதரடைஞ்சு கிடக்கு, உடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்டால் மனுஷன் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவார்.

இரண்டாம் வருஷம், பார்வையிட ஆள் வருகிறது என்று போன் வந்தது. மறுநாள் காலையில் அரிவாளோடு கிளம்பினார். வேலி பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மூன்று நாளில் ரோட்டோரம் ஒரு ஏக்கரைச் செதுக்கி வைத்திருந்தார். இடுப்பளவு வளர்ந்த கன்று ஒன்றைக்கூட விடவில்லை.

வந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். "ஐயா, இதை ஏன் வெட்டினீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"நீங்க வாரப்ப அசிங்கமாக் கிடக்கக் கூடாதுல்லா, தாயி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் முன்னாலேயே கத்தினேன். அவள்தான் என்னை அமர்த்தினாள். இந்த வருஷப் பணம் வராது, ஆனால் வேர் இருக்கிறது, திரும்பத் துளிர்க்கும் என்றாள். பிறகு அவரை வெட்டாத புதருக்குள்ளே கூட்டிப்போய்ச் சீமைக்கருவேலத்தைக் காட்டினாள். "இது ஒண்ணுதான் இங்க இருக்கக் கூடாது. வேரோட எடுக்கணும். உங்களால முடியுமா?"

மறுநாளிலிருந்து கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவர் அங்கேயே கிடந்தார். ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனேன். கையெல்லாம் முள் கிழித்திருந்தது. என் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"துட்டும் போச்சு. இனி என்னத்துக்கு இந்தப் பாடு? பேசாம வித்துருவோம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "வித்துட்டு, விடிஞ்சா நான் எங்கன போவேன்ட்டி?"

இரண்டு வருஷமாக விடிந்தால் போக இடமில்லாமல் தவித்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. தூக்குவாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெட்டிப்போட்டிருந்த முள்ளை நான் இழுத்து ஒதுக்க ஆரம்பித்தேன்.