துவைக்காத நீலச் சட்டை

"அம்மா, உருளைக்கிழங்கு தோண்டுறதுக்குள்ள வந்துருவேன். எர்மெலிந்தாவ அழ வேண்டாம்னு சொல்லு."

உள்ளறையிலிருந்து தெயோபிலோவின் குரல் கேட்டது. அவன் அம்மா போர்த்துனாத்தா செல்போனில் அந்தப் பதிவை மறுபடியும் போட்டுவிட்டாள். அடுப்படியில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி எர்மெலிந்தா நிமிரவில்லை. கூட உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி நான்தான் நெளிந்தேன்.

தெயோபிலோ காட்டுப் பக்கம் தங்கம் அரிக்கப் போய் நாலு மாதம். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம், எர்மெலிந்தா சூப் சட்டியைக் கீழே போட்டு உடைத்தாள். "யாரோ என் கையப் புடிச்சிருந்து விட்டுட்டாப்ல இருந்துச்சு. அவரு போயிட்டாரு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, போனில் இந்தக் குரல் வந்து சேர்ந்தது. ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. செத்தவன் போனில் பேசுவானா?

எங்கள் மலையில் இறந்தவரின் துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் அலசுவோம். அந்தத் தண்ணீரோடுதான் உயிர் விடைபெறும். ஞாயிற்றுக்கிழமை எர்மெலிந்தா தன்னந்தனியாகப் புருஷன் துணிகளை ஆற்றுக்குச் சுமந்து போனாள்.

"உசுரோட இருக்கிறவன் துணியையா அலசுற, பாவி? எம்புள்ளைய நீயே அனுப்பி வைக்கிறியா?" போர்த்துனாத்தா ஓடிவந்து நீலச் சட்டையை மட்டும் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்டி, அடுத்த மாப்பிள்ளை ரெடியா?" என்று கரையிலிருந்து கேட்டவள் நான். என் நாக்கு அழுகிப் போகட்டும்.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி சொன்னாள். "நீங்க சொல்றதே நெஜமா இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆசை, அக்கா. நெஞ்சு ஒத்துக்கலையே."

இப்போது கதவு தட்டப்பட்டது. எர்மெலிந்தாவின் மகளுக்கு ஞானத்தகப்பன் நிக்கானோர், தெயோபிலோவோடு சேர்ந்து போனவன், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அந்த உறவில் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. போர்த்துனாத்தா போனோடு ஓடிவந்தாள்.

"வாடா! எங்க அவன்? பின்னாடி வர்றானா?"

நிக்கானோர் எர்மெலிந்தாவைத்தான் பார்த்தான். "அந்தச் செவ்வாக்கிழம என் போன்லதான் பேசிப் பதிஞ்சு குடுத்தான், கொமாத்ரே. அங்க சிக்னல் கெடையாது. நான் படகுல டவுனுக்கு வந்து சேந்த அப்புறம், வெள்ளிக்கிழமதான் அது போச்சு. திரும்பிப் போனா… புதன்கிழமையே குழியோட மண்சுவர் சரிஞ்சு, அவன் மேல…"

"மத்தியானமா?" என்று கேட்டாள் எர்மெலிந்தா.

அவன் தலையசைத்தான்.

மூன்று வாரமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவன் காலடியில் விழுந்தாள். "பொய்னு சொல்லுங்க, கொம்பாத்ரே! எனக்குப் பைத்தியம்னு சொல்லுங்க! இந்த ஒரு தடவையாவது என் நெஞ்சு தோத்துப் போகக் கூடாதா?"



போர்த்துனாத்தா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் போன் இல்லை. நீலச் சட்டை இருந்தது. மகனின் வியர்வை வாடை இன்னும் போகாத சட்டை. அதை மருமகள் மடியில் வைத்தாள்.

"இத மட்டும் பிடுங்கி வச்சுக்கிட்டேனே, தாயி. இதுக்காக எம்புள்ள பாதி வழியில நிக்கிறானோ?"

எர்மெலிந்தா சட்டையை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில ஆத்துக்குப் போவோம், அத்தை. ரெண்டு பேரும்."

நிக்கானோர் தொப்பியை மாட்டாமலேயே வெளியே நடந்தான். நான் கதவைச் சாத்தினேன்.