ஆகஸ்ட் மாதத்துப் பன்னீர்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காய்ச்சுகிறோம் என்று துபாய் ஆபீஸில் ஒருமுறை சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். ஐயா, பன்னீர்! ரோஜா இதழைச் செம்பு அண்டாவில் வேகவைத்து, அதன் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிற பன்னீர். தாத்தா நிலக்கோட்டையிலிருந்து அந்த அண்டாவோடுதான் அமீரகத்து அல் ஐனுக்கு வந்து இறங்கினார். அப்பா அதை ஸனாயாவுக்கு, அதாவது ஊர் ஓரத்துத் தொழிற்பேட்டைக்கு, ஒரு தகர ஷெட்டுக்குக் கொண்டுபோனார். நான் அங்கே உட்கார்ந்துதான் ஹோம்வொர்க் எழுதினேன். என் நோட்டுகளை டீச்சர்கள் திருத்துவதற்கு முன் முகர்ந்து பார்ப்பார்கள்.

பூ இன்றும் ஊரிலிருந்துதான் வருகிறது, மல்லிகையோடு ஒரே விமானத்தில். தண்ணீர்தான் இங்கே பெரும்பாடு. ஆகஸ்டில் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். கோடை முழுக்க ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயில்தான் குளிப்போம். ஹீட்டருக்குள் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் வீட்டிலேயே கொஞ்சம் குளிர்ச்சியானது. பன்னீர் இறக்க அது எந்த மூலைக்கு? அண்டாவிலிருந்து குழாய் வழியாக ஆவி வந்து சேரும் செம்புக் குடத்தைத் தொட்டியில் வைத்து, சுற்றிலும் ஐஸ் கொட்டவேண்டும். ஐஸ் கம்பெனியில் குடிதண்ணீர் ஐஸாகப் பார்த்து வாங்குவோம்.

அந்த ஆகஸ்டில் நான் லீவில் வந்திருந்தேன். தாத்தா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிற அரபுப் பாட்டியம்மா வீட்டில் பேத்திக்குக் கல்யாணம். விருந்தாளிகளின் கையில் தெளிக்க, காவா என்கிற அரபுக் காப்பியில் சொட்டு விட, எல்லாவற்றுக்கும் எங்கள் பன்னீர்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அப்பா அப்போதுதான் ஒரு பொல்லாத காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தார்.

அம்மாவும் நானும் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தோம். நுழைந்த வேகத்தில் வெளியே ஓடிவந்தோம். அப்படி ஒரு மீன் நாற்றம்! ஐஸ் கம்பெனியில் சரக்கு இல்லையென்று அப்பா மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் அள்ளி வந்திருக்கிறார். தொட்டியில் செதில் மிதக்கிறது. குடத்துக்குள்ளும் அதே நாற்றம். அவரோ குடத்தின்மேல் குனிந்து ஆனந்தமாக நிற்கிறார்.

"வா பாப்பா, எப்படி மணக்குது பாரு!"

"அப்பா, கொடலைப் பொரட்டுது. மீன் நாத்தம்!"

அவர் முகம் விழுந்துவிட்டது. தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியல பாப்பா. சரியாயிடும், சரியாயிடும்னு இருந்தேன்."

"நெனச்சேன்," என்றாள் அம்மா. "ரசத்துல பெருங்காயமே போடல. பெருங்காயம் தூக்கலா இருக்குன்னு பாராட்டினீங்களே!"

அப்பா சிரிக்கவில்லை. "பன்னீர் இறக்குறவனுக்கு மூக்கு போச்சுன்னா கலாஸ். அந்தம்மாவுக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன். அண்டாவைக் கவுத்துட வேண்டியதுதான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தாத்தா கடல் தாண்டிக் கொண்டுவந்த அண்டாவை ஒரு மீன் ஐஸ் கவிழ்ப்பதா?

"ஒரு மூக்கு போனா இன்னொரு மூக்கு இருக்குல்ல? யல்லா, பூவுக்குப் போன் போடுங்க."

"உன் மூக்கை நம்பியா?"

"கண்ணாடில பாருங்க. இது யாரு மூக்கு?"

உண்மையில் எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் அதை அவரிடம் காட்டுவேனா?

மறுநாள் காலை புதுப் பூ வந்தது. ஷெட்டைக் கழுவித் தள்ளி, குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, நல்ல ஐஸாகக் கொண்டுவந்து கொட்டினோம். அம்மா கோதுமை மாவைப் பிசைந்து ஆவி கசியாமல் அண்டாவின் மூடியைச் சுற்றி அப்பினாள். பன்னீரில் முதலில் இறங்குவது பச்சை இலை வாசனை. அப்புறம்தான் ரோஜா. எந்த நேரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் அசந்தால் கீரை வேகிற வாசனை ஏறி முழுக்குடமும் பாழ்.

குடம் கழுத்துவரை நிறையவேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தபோதே எனக்கு மூக்கில் உறுத்தியது. பூ விமான நிலையத்து வெயிலில் வாடியிருக்க வேண்டும்.

"போதும், எடுங்க."

"அறிவிருக்கா? இன்னும் கழுத்துக்கே வரல!"

"எடுங்கன்னா எடுங்க!"

நானே குடத்தை இழுத்துவிட்டேன். அப்பா போட்ட கூச்சலில் பக்கத்து ஒர்க்ஷாப் பட்டான் மெக்கானிக்குகள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா குடத்தை முகர்ந்தாள், அடுத்துக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்ததை முகர்ந்தாள். "அவ சொல்றதுதாங்க சரி," என்றாள். அப்பா வெளியே போய் வெயிலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"நெஜமாவே வாசனை இருக்கா பாப்பா? எப்படி இருக்கு?"

"அம்மா கல்யாணப் பொடவைப் பெட்டியைத் தொறந்தா வருமேப்பா, அப்படி."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஐஸ் மூட்டையைத் தூக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பாட்டியம்மா வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில், கம்பளத்தின் நுனியில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார். காவாவில் ஒரு சொட்டு விட்டுக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எங்களோடு பேசுகிற அந்த அரபி கலந்த இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "உன் அப்பா போன பிறகு நீ இப்படி ஒன்றைக் கொண்டுவந்ததே இல்லை."

அப்பா நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "அனா மாஃபி," என்று தலையாட்டினார். பிறகு என்னைக் காட்டினார். "பின்த்." நானில்லை, என் மகள்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, தன் பக்கத்துத் தலையணையைத் தட்டினார். நான் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும் வழியில் காரில் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. யாரோ அவசரமாகப் பன்னீர் கேட்டார்கள். அவர் ஸ்பீக்கரில் போட்டு, என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"சனிக்கிழமைக்கு முன்னாடி முடியாதுங்க. எங்க மாஸ்டருக்கு துபாய்ல டூட்டி இருக்கு."