பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

கீழ்வீட்டு அக்கா அந்த நோட்டை என் மேசைமேல் வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் ஏற்ற வண்டி வருகிறது, அக்கா ஓசூரைக் காலிசெய்துகொண்டு விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போகிறார்.

"இதுல உன் கையெழுத்து வேணும் தாயி. அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. போட்டுட்டு நோட்டை என்கிட்டயே குடுத்துரு" என்றார்.

அதே மேசையில் இன்னொரு காகிதமும் என் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. சிப்காட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கான கடிதம். நிரந்தர வேலை, வீட்டிலிருந்து கால்மணி நேரப் பயணம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போட்டுவிட்டால் பெங்களூருக்குப் பஸ் ஏறுவதும் ஏஎல்எஸ் ஆராய்ச்சியும் அதோடு முடிந்தது.

ஏஎல்எஸ் என்றால் தசையை அசைக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். கையில் தொடங்கும், இல்லையென்றால் காலில், சிலருக்கு நாக்கில். கடைசியில் மூச்சில் வந்து நிற்கும். புத்தி மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்று கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பது என் வேலை. நாள் விட்டு நாள் அவற்றுக்கு உணவுநீர் மாற்ற வேண்டும். பொங்கல், தீபாவளி என்றெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

வேலை என்று சொல்கிறேனே தவிர, அது ஆண்டுக்கு ஆண்டு ஒட்டுப்போட்டு ஓட்டுவது. பாரூரில் நெல் வைக்கும் என் அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஏம்மா, வேலை கெடச்சுதேன்னு வாழ்த்துச் சொன்னா வாயை மூடிக்கிற, வேலை போச்சான்னு கேட்டா தெரியலன்ற. இது இன்னா வேலை?" என்பார். ஆராய்ச்சிப் பணம் ஏரித்தண்ணீர் மாதிரி என்று ஒருமுறை சொன்னேன். மதகுக்குப் பக்கத்து வயலில் சர்க்கரை நோயும் புற்றுநோயும் இருக்கின்றன. எங்கள் நோய் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல். இந்த நோய் வந்தவர்கள் கூட்டம் கூடிக் கேட்கும் அளவுக்கு நிற்பதில்லை, அதற்குள் போய்விடுகிறார்கள். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. "கடைமடைக்காரன் மம்பட்டி எடுத்துக்கினு ராவும் பகலும் வாய்க்கால்லயே நிக்கணும்" என்றார். அப்படித்தான் நின்றேன். உள்நாட்டு உதவித்தொகை, வெளிநாட்டு அறக்கட்டளை, இளம் ஆராய்ச்சியாளருக்கென்று தனியாக வருவது என்று எது திறந்தாலும் விண்ணப்பம் போட்டேன். ஒன்றில் வயது தாண்டியிருக்கும், ஒன்றில் நிரந்தரப் பதவி இருந்தால்தான் பணம் என்பார்கள், நிரந்தரப் பதவிக்குப் போனால் கையில் பணம் வைத்திருக்கிறாயா என்பார்கள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

அண்ணன் லேத் ஆபரேட்டர். இருபது வருஷமாக ஒரே கம்பெனி. நான் மாடிக்குக் குடிவந்த புதிதில், "எலிக்குப் போயி வைத்தியம் பாக்குறியாமே தாயி, எங்க வீட்டுல ஒண்ணு ராத்திரியெல்லாம் ஓடுது, அதையும் கூட்டிட்டுப் போ" என்று கிண்டல் செய்தவர். ஷிப்ட் நோட்டைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். ஒரு ஷிப்ட் முடிந்தால் ஆபரேட்டர் அப்படியே போய்விட முடியாது. மெஷின் நிலைமையை நோட்டில் எழுத வேண்டும். அடுத்த ஷிப்ட்காரர் வந்து, மெஷினைப் பார்த்து, பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை முதல் ஆள் அங்கேயே நிற்க வேண்டும், அந்த ரிலீவர் வர எவ்வளவு நேரமானாலும். ஒருமுறை மெஷின் சத்தம் மாறியதை ஒருத்தன் கவனித்தும் எழுதாமல் போய்விட்டானாம். அடுத்து வந்தவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. "பாக்காமக் கையெழுத்துப் போடுறவன் முட்டாள். பாத்துட்டு எழுதாமப் போறவன் பாவி" என்றார் அண்ணன். தேநீர் குடித்துக்கொண்டே, எதையோ பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்.

அடுத்த தை மாதம் அவர் எனக்குத் தண்ணீர் கேன் தூக்கிவந்து கொடுத்தார். படியில் கேன் அவர் கையிலிருந்து நழுவியது. "குளிருல விரல் மரத்துருச்சு" என்று சிரித்தபடி கையை உதறினார். வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் என்னவோ துடித்துத் துடித்து அடங்கியது. ஐந்து வருஷமாகப் படங்களில் பார்த்த கை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கழுத்து நரம்பு அழுத்தமாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். தப்பாகச் சொல்லி ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? கோழை. அவ்வளவுதான். அவர் கைக்கு எண்ணெய் தேய்த்தார், கட்டுப்போடுகிறவரிடம் போனார், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாரோ கஷாயம் தருவதாகச் சொல்லி அங்கேயும் போனார். அவர் செருப்புத் தேயும் சத்தம் மாறிக்கொண்டே வந்ததை நான் மாடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கொண்டே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் இரண்டு வருஷ உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ஆராய்ச்சி ஏன் அவசரம் என்று ஒரு பத்தி கேட்டிருந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் தாமதமாகிறது, அதற்குள் ஒரு தொழிலாளி எண்ணெய் தேய்த்தும் கட்டுப்போட்டும் காலம் கழித்துவிடுகிறார் என்று எழுதினேன். குளிரில் மரத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்ளும் கட்டைவிரலைப் பற்றியும் எழுதினேன்.

உதவித்தொகை கிடைத்தது. அந்தப் பத்தி நெஞ்சைத் தொட்டதாகக் குறிப்பு அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்கு ஆடி மாதம் பெங்களூரில் நோயின் பெயரைச் சொன்னார்கள். அதன்பிறகு அந்த இரண்டு வருஷமும் நான் சாப்பிட்ட சோற்றில் அவர் கட்டைவிரல் இருந்தது. வேறு மாதிரி இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பெயர் தெரிந்தபிறகு நான் ஓடி ஓடிச் செய்தேன். புரையேறாமல் விழுங்கக் கஞ்சியைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லித்தந்தேன். பேச்சுப் போனபோது எழுத்துப் பலகை செய்துகொடுத்தேன், கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டுவார். அவர் கண்களை மட்டும் நேராகப் பார்க்க மாட்டேன். பலகையைப் பார்ப்பேன். ஒருநாளும் அவர் அது ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது அந்தப் பணமும் முடிகிறது. அடுத்த விண்ணப்பம் போட்டாகிவிட்டது. வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வருஷம், முடிவு தெரிய இன்னும் மாதங்கள் ஆகும். அதற்குள்தான் மாத்திரைக் கம்பெனிக் கடிதம் வந்தது. உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்ததும் தப்பித்தோம் என்றிருந்தது. தினமும் அந்தச் செல்கள் சாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை நோட்டைத் திறந்தேன். கம்பெனியில் தீர்ந்துபோன பழைய ஷிப்ட் நோட்டு, பின்பக்கத்தில் வெற்றுத் தாள்கள் மிச்சமிருந்தன. அதே கட்டங்கள். தேதி, மெஷின் நிலைமை, ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். மெஷின் நிலைமை என்ற இடத்தில் அண்ணன் தன் உடம்பை எழுதியிருந்தார். "வலது கை பிடிமானம் இல்லை." "இடது கால் இழுக்கிறது." "கழுத்து நிற்கவில்லை, துண்டு கட்டியிருக்கிறது." கையெழுத்து கோணிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் அக்காவின் கையெழுத்தாக மாறியது. அதன்பிறகு பலகையில் கண் காட்டிய சொற்கள் மட்டும். பெற்றுக்கொண்டவர் கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாக இருந்தது.

கடைசியிலிருந்து திரும்பப் புரட்டிக்கொண்டு அவர் எழுதத் தொடங்கிய முதல் பக்கத்துக்கு வந்தேன். தை மாதத் தேதி. நோயின் பெயர் யாருக்கும் தெரியாத நாள்.

"வலது கட்டைவிரல் லூஸ். தண்ணி கேன் விழுந்தது. மாடி வீட்டுத் தாயி என் கையைப் பார்த்ததும் முகம் செத்துப்போச்சு. ஒண்ணும் சொல்லலை."

அந்த நோட்டை மூட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை காலையில் கீழே போனேன். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "அக்கா, எனக்கு அன்னிக்கே தெரியும். தை மாசமே தெரியும். நான் சொல்லல."

அவர் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எங்களுக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு. அன்னிக்குச் சாயங்காலமே சொன்னாரு. போயிக் கேட்டுருவமான்னு நான் கேட்டேன். வேணாம், கேட்டா அந்தப் புள்ள சொல்லிரும்னாரு. பயம் தாயி. அதுக்குத்தான் எண்ணெ, கட்டு, கஷாயம்னு அலைஞ்சோம். உன் செருப்புச் சத்தம் படியில கேட்டா அவரு உள்ள போயிருவாரு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "ஆனா எழுதாமப் போகலல்ல அவரு" என்றார். "எல்லாத்தையும் எழுதுனாரு. நீதான் எழுதல."

அந்த ஒரு சொல்லில் கோபம் இருந்தது. இருக்க வேண்டிய கோபம்தான். அது இல்லாமல் போயிருந்தால் நான் மாத்திரைக் கம்பெனிக்கே போயிருப்பேனோ என்னவோ.

"ஏன் என் கையெழுத்து?" என்று கேட்டேன்.

"பின்ன யாரு வருவா அந்த மெஷினுக்கு? டாக்டரு சீக்கோட பேரைச் சொன்னாரு, அனுப்பிட்டாரு. நீதான தினம் அந்தச் சீக்குக்கிட்டப் போயி நிக்கிற. ஒரு ஷிப்ட்டுகூட ஆளு வராம விட்டுட்டு வந்தது கிடையாது அவரு. ரிலீவரு கையெழுத்துப் போடுற வரைக்கும் நிப்பேன்னு பலகையில காட்டுனாரு. இப்பவும் நின்னுட்டிருப்பாரோன்னுதான் எனக்குத் தூக்கம் வரல."

அன்று மத்தியானம் அப்பாவுக்குப் போன் செய்து, கம்பெனி வேலைக்குப் போகவில்லை என்றேன். பின்னணியில் யாரோ தெலுங்கில் மாட்டை அதட்டினார்கள். "தண்ணி வரும்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, நாத்து விட்டுட்ட. வாய்க்கால்லயே நில்லு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் வண்டி வந்து நின்றது. நோட்டைக் கொடுத்தேன். அக்கா கட்டில் சட்டத்தில் சாய்ந்தபடி கடைசிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். பெற்றுக்கொண்டவர் கட்டத்துக்குள் இடம் போதாமல் நான் கீழே வரை எழுதியிருந்தேன்:

"மெஷின் நின்றுவிட்டது. பிழை ஆரம்பத்திலேயே என் கண்ணில் பட்டது, எழுதவில்லை. என்ன காரணம் என்று இன்னும் தெரியவில்லை. இந்த நிலைமையில் பெற்றுக்கொண்டேன்." அதன் கீழே கையெழுத்து.

அவர் இரண்டு முறை வாசித்தார். நோட்டை மூடித் துணிப்பையில் வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"சரி தாயி" என்றார். "இனி அவரு வீட்டுக்குக் கிளம்புவாரு."