மீனுக்குப் போன ஜீப் தண்ணீர்

போன மாதம் ஏற்காட்டில் ஒரு கல்யாணம். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எங்களைத் தங்க வைத்தார்கள். வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ளே டிஸ்கஸ் மீன்கள், கல்தோசை மாதிரி வட்டமாக, தட்டையாக. செடியெல்லாம் பிளாஸ்டிக். கிட்டப் போய்க் குனிந்தேன். மேஜையில் இருந்த பெண், “ஏனுங்க சார், கண்ணாடியத் தொடாதீங்க. மினரல் வாட்டர்ல வளர்ற மீனுங்க” என்றாள். அவளைச் சொல்லி என்ன. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஏனென்றால் அந்த இடம், எண்பதுகளில் நான் வேலை பார்த்த காப்பி எஸ்டேட். எஸ்டேட் துரைக்கு மீன் பைத்தியம். பங்களாத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் முதல் உத்தியோகம். பத்தாவது பாஸான திமிரில் நான் திரிய, கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் எனக்கு ‘மீனாயா’ என்று பெயர் வைத்தார்கள். ஆயா வேலையேதான். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய், தகப்பன் மேல் ஒட்டிக்கொண்டு, அவற்றின் தோலில் ஊறும் வழுவழுப்பைத் தின்று வளரும். மலைக் குளிர் ஆகாது. கரண்டு போனால் வெந்நீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிடுவேன். அழுகிய இலைகளைக் கிள்ளி, தினமும் பாதித் தண்ணீரை மாற்றுவேன். தண்ணீர் ஓடையிலிருந்து வரும். லைன் வீடுகளும் அதைத்தான் குடித்தன.

காப்பிப் பழம் புளிக்கும் வாடை எனக்கு இன்றும் குமட்டும். பழத்தை உரிக்கிற மிஷின் ஓடைக்கு மேலே இருந்தது. சீசனில் அதைக் கழுவிய தண்ணீரெல்லாம் நேரே ஓடையில் விழும். ஒரு நாள் காலையில் பெரிய மீன்கள் கறுத்துக் கிடந்தன. குஞ்சுகள் உதிர்ந்து, பாதி செத்திருந்தன. துரை குதித்தார். “லைன் பொம்பளைங்க சோப்புப் போட்டுத் தொவைக்கிறாங்க. ஓடைப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லு.” அவருடைய மிஷின் நாற்றம் அவர் மூக்குக்கே எட்டவில்லை!

அன்றே மேல்கரட்டு ஊற்றிலிருந்து ஜீப்பில் தண்ணீர் வந்தது. மிச்சக் குஞ்சுகள் தேறின. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். வீட்டுக்குப் போனால், அம்மா ஓடைத் தண்ணீரை முந்தானையில் வடிகட்டி, மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீனு பொழச்சுதா கண்ணு?”

“பொழச்சிருச்சும்மா. ஜீப்புல ஊத்துத் தண்ணி வருது.”

“நாமளும் மீனாப் பொறந்திருக்கலாம் சாமி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் துரையிடம் கேட்டேவிட்டேன். “ஐயா, லைனுக்கும் ஜீப்பு ஒரு நடை போச்சுன்னா நல்லதுங்க.”

அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மீனு மென்மையான ஜீவன்ப்பா. உங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு.”

பழகிப் போச்சாம். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள். லைனில் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தன. சீசன் முடிகிறவரை ஜீப் பங்களாவைத் தாண்டவில்லை.

இப்போது அங்கே துரை இல்லை, மிஷினும் இல்லை. லைன் வீடுகள் இருந்த இடத்தில் நீச்சல் குளம். ஓடையைக் குழாய்க்குள் தள்ளி மூடி, மேலே கார் நிறுத்துகிறார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசிக் காலத்தில் சேலத்தில் என்னோடுதான் இருந்தாள். நல்ல குழாய்த் தண்ணீர், காய்ச்சி ஆற்றித்தான் கொடுப்போம். ஆனாலும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகுமுன் மூக்கருகே ஒரு கணம் நிறுத்துவாள். சாகிறவரை மோந்து பார்க்காமல் அவள் ஒரு வாய் குடித்ததில்லை.