ஒரு கோடி அடித் தோல்

ஒரு கோடிக்கு எத்தனை சைபர் என்று இன்பராஜுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவர். ஆனால் ஒரு கோடி அடித் தோல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அவரால் சொல்ல முடியும். மதியச் சாப்பாடு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மார்பில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினால் போதும். பாலாற்று மணலில், ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிப் பக்கமாக, தேன் நிறத்தில் ஒரே தோல் விரிந்து கிடக்கும். மடிப்பில்லை, ஓட்டையில்லை. அதன்மேல் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோவார்.

எல்லாம் அந்தப் பேப்பர் செய்த வேலை. ‘ஐந்து லட்சம் போடுங்க, பதினைந்தே வருடத்தில் ஒரு கோடி!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்லக் கீழே ஒரு கட்டம். இந்தத் திட்டம் ஒரு வருடம் நாற்பது சதவீதம் இறங்கியதாம், அடுத்த வருடமே நாற்பது சதவீதம் ஏறியதாம், போட்ட பணம் முழுசாகத் திரும்பிவிட்டதாம்.

இன்பராஜிடம் சரியாக ஐந்து லட்சம் இருந்தது. ஈரத்தோல் சுமக்கிற கூலியாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர், தோல் எத்தனை சதுர அடி என்று காட்டுகிற அளவு மெஷினை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டு, முப்பத்தாறு வருடம் அதன் முன்னால் நின்று, ஓய்வு பெற்றபோது வாங்கிய பணம். அவர் அளவில் சந்தேகப்பட்ட சென்னை வியாபாரிகள் மறுபடி அளந்து பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். படித்த ஆபீசர்களே அவரைக் கேட்டுத்தான் பில்லில் அடியைப் போடுவார்கள்.

அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. மனைவி சவுரியம்மாள் ஷூ கம்பெனித் தையலில் இருபத்தைந்து வருடம் மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் சேர்த்து நாலே முக்கால் லட்சம் ஆகும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பணத்தைத் திட்டத்தில் போட்டால் வருகிற லாபத்திலேயே முழங்கால் முடிந்துவிடும், முதலும் அப்படியே நிற்கும் என்பது இன்பராஜின் யோசனை. இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

“இறங்கிட்டா இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டாள் சவுரியம்மாள்.

“தோல் காயறப்ப சுருங்கலையா? கிளிப் போட்டு இழுத்தா வந்துடுது. பணமும் அப்டிதான்.”

“தோலுக்கு வலிக்காது. எனக்கு வலிக்குதுங்க.”

அவர் அதைக் காதில் வாங்காமல் கண்ணை மூடிப் பாலாற்றுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை சாயங்காலம் கையெழுத்து வாங்க வருவதாக ஏஜென்ட் நவீன்குமார் சொல்லியிருந்தான். டீக்கடையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவரேதான் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் தொழிற்சாலையிலிருந்து வேலு மேஸ்திரி போன் செய்தார். அளவு மெஷின் கெட்டுவிட்டது, புதுசாக வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அண்ணன் வந்தால்தான் ஆகும் என்றார். இன்பராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். நூறு அடி ஈரத்தோல் சூடு ஜாஸ்தியாகி எண்பது அடியாகச் சுருங்கியிருந்தது. இருபது சதவீதம் போச்சு, இருபது சதவீதம் இழுத்தால் வந்துவிடும் என்று வேலு சொல்ல, ஆட்கள் தோலை வரிசையாக ஓட்டை போட்ட இரும்புத் தகட்டில் விரித்து, சுற்றிலும் கிளிப் மாட்டி, அளவு பார்த்து இழுத்துக் காயவைத்திருந்தார்கள். மெஷினில் விட்டால் தொண்ணூற்றாறு அடிதான் காட்டியது. நாலு அடியைக் காணோம்.

மெஷினைச் சோதிக்க வைத்திருக்கும், அளவு பொறித்த அளவுத் தகட்டை இன்பராஜ் எடுத்து மூன்று தடவை மெஷினுக்குள் விட்டார். மூன்று தடவையும் தகட்டில் பொறித்திருந்த எண்தான் வந்தது.

“மெஷின் நல்லாதான் கீது. உன் கணக்குதான் பேஜார். இருபது போனது நூறுல. நீ இழுத்தது எண்பதுல. எண்பதுல இருபது பெர்சன்ட் பதினாறுதான் வேலு. நூறு வரணும்னா இன்னும் நாலு இழுத்திருக்கணும். உன் நாலு அடிய எவனும் திருடல, அது வரவே இல்ல.”

“அதான் கோடீஸ்வரரக் கூப்ட்டேன்” என்று வேலு சிரித்தார்.

இன்பராஜ் சிரிக்கவில்லை. அங்கேயே ஒரு கழிவுத் தோலை எடுத்து அதன் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஐந்து என்று எழுதினார். நாற்பது சதவீதம் போனால் மூன்று. மூன்றில் நாற்பது சதவீதம் ஒன்று இருபது. நாலு லட்சத்து இருபதாயிரம். எண்பதாயிரம் வரவே இல்லை. ஒரு முழங்காலுக்குப் பணம் இருக்கும், இன்னொன்றுக்குப் போதாது. இதே கணக்கை இந்த மெஷின் முன்னால் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். பேப்பரில் அச்சாகி வந்ததும் அவருக்கே அது தெரியாமல் போய்விட்டது. இந்தச் சின்னக் கட்டத்திலேயே இப்படி என்றால், மேலே போட்ட கோடியை எவன் அளந்தான்?

சாயங்காலம் நவீன்குமார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினான். நாற்பது இறங்கி நாற்பது ஏறினால் என் ஐந்து எவ்வளவாகும் என்று இன்பராஜ் கேட்டார். அவன் போனில் தட்டிப் பார்த்தான். இன்னொரு தடவையும் தட்டிப் பார்த்தான்.

“பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்.”

“போட்டவன் தோல் அளந்தது இல்ல தம்பி. காபி ஆறுது, குடி.”

அவன் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி கேட்கச் சொன்னார். சவுரியம்மாள் நகராமல் அவரையே பார்த்தாள்.

“கோடி இன்னா ஆச்சு?”

“சுருங்கிடுச்சு” என்றவர், ஒரு பேப்பர் ஆபீஸையே தான் சாக்பீஸால் மடக்கிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல மூன்று தடவை விட்ட அளவுத் தகடு பத்து தடவையானது. அவள் பாதியில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, போனை எடுக்கப் போனாள்.

மறுநாள் மதியம் கண்ணை மூடினார். பாலாற்றுத் தோல் வெயிலில் காய்ந்து, நாலு ஓரமும் உள்வாங்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. வாணியம்பாடியை விட்டது, ஊர்ப்பாலத்தை விட்டது, தெருவுக்குள் வந்தது. கடைசியில் சவுரியம்மாளின் இரண்டு முழங்காலையும் சுற்றிக் கட்டுகிற அளவில் வந்து நின்றது. அவர் கிளிப்பைத் தேடவில்லை.