மாடி வீட்டுக்குப் போன புண்ணாக்குத் தண்ணீர்

அப்பா பீங்கான் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டு முன்பக்கம் ரோஜாவும் கனகாம்பரமும் வைத்தார். பாத்திக்குக் கரையாக, கம்பெனியில் கழித்துப்போட்ட உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வரிசையாகப் பதித்தார். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுவார். நாலு நாள் ஊறிய புண்ணாக்கின் நாற்றம் எங்களுக்குப் பழகிவிட்டது.

மாடியில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடியிருந்தது. அவனுக்கு ஒரு பீங்கான் யூனிட்டில் ஷிப்ட் வேலை. அவளுக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பம்.

ஒருநாள் காலையில் அவள் இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னாள். "அம்மா, கொழாத் தண்ணியில ஏதோ நாத்தம் வருதுங்க."

அம்மா சிரித்தாள். "ஒனக்கு இப்ப எல்லாமே நாத்தமாத்தான் தெரியும். எனக்கு இவ வயித்துல இருந்தப்போ சோறு கொதிக்கிற வாசனையே ஆவாது."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் தெரு அடிபம்பிலிருந்து எடுத்து வந்தோம். மாடியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த டேங்க் தண்ணீர்தான். பெரும்பாலும் வேலை இடத்திலேயே சாப்பிட்டுக் குடித்துவிட்டு வரும் அவள் புருஷனும் மசக்கை என்றான். முனைக் கடையின் ஒரு ரூபாய் போனில் பேசியபோது அவள் அம்மாவும் அதையே சொன்னாளாம். அதன் பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், குடித்ததை வாந்தி எடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அப்பா தோட்டத்துக் குழாயைத் திறந்து, ரப்பர் ஓஸின் முனையை டிரம்முக்குள் ஆழமாக விட்டுவிட்டுக் காப்பி குடிக்க வந்தார். முனிசிபாலிட்டித் தண்ணீர் அன்று நூல்போலத்தான் வந்தது. அம்மா வழக்கம்போல டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டாள். தெரு லைனிலிருந்து வந்த ஒரே பைப்தான் தோட்டத்துக் குழாய்க்கும் மோட்டாருக்கும் பிரிந்து போனது.

அப்பா திரும்பிப் போனபோது, நிரம்பியிருக்க வேண்டிய டிரம்மில் பாதித் தண்ணீர்கூட இல்லை. ஓட்டையோ என்று சாய்த்துப் பார்த்தார். கீழே தரை காய்ந்து கிடந்தது. ஓஸை வெளியே எடுத்து அதன் வாயில் உள்ளங்கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது கையை உள்ளே இழுத்தது.

"மோட்டார நிறுத்து!" என்று கத்தினார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். இழுப்பு நின்றது.

தெருவில் தண்ணீர் போதாதபோது, மோட்டார் டிரம்மில் இருந்ததை ஓஸ் வழியாக உறிஞ்சி மாடி டேங்குக்கு ஏற்றியிருக்கிறது. அதுவும் இது முதல் தடவையாக இருக்காது.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்கறதும் நெசம், அது சொன்னதும் நெசம்" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அவரே மாடியேறினார். பின்னாலேயே அம்மாவும் நானும் போனோம். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுதும்மா. இப்பவே டாக்டர்கிட்ட போவலாம், வா" என்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அப்ப எனக்கு ஒண்ணும் கோளாறு இல்லீங்களா?" என்று கேட்டு அழுதாள். தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று இத்தனை நாளும் தனியாகக் கிடந்து பயந்திருக்கிறாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னப்பவே நான் மேல வந்து ஒரு வாய் குடிச்சிப் பாத்திருக்கணும்" என்றாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். டேங்கைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். பிளம்பர் வந்து, போன தண்ணீர் திரும்பி வராதபடி தோட்டத்துக் குழாய்க்கு முன்னால் ஒரு வால்வு வைத்தார். அப்பாவுக்கு அது போதவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, ஓஸின் வாய் தண்ணீரைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நிற்கும்படி கட்டினார். தண்ணீர் சத்தத்தோடு விழுந்து, தெறித்து, அவர் வேட்டியெல்லாம் புண்ணாக்கு ஆனது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிரசவத்துக்குப் பெண்ணாடம் போனவள் ஆண் குழந்தையோடு திரும்பி வந்தாள். ஒருநாள் மேலிருந்து, "அம்மா, ஃபேன்ல ஏதோ கரகரன்னு கேக்குது" என்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேலே போனாள். ஃபேனில் ஒன்றுமில்லை, காற்றில் காலண்டர்தான் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. அம்மா காலண்டரைக் கழற்றி வேறு ஆணியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள்.